நியம அழுத்தம்

பிளஸ் ஒன் ஆய்வகத்தில் தண்ணீர் கொதித்தது.
பாதரசம் தொண்ணூற்று நாலில் நின்றுவிட்டது.
சிந்துஜா வெப்பமானியைத் தட்டிப் பார்த்தாள்,
நான் தீயைக் கூட்டினேன்.
ஏறவில்லை.
ரெக்கார்டு நோட்டில் இருவரும் நூறு என்று எழுதினோம்.
சிவப்பு மையில் 'சரி' விழுந்தது.

தேர்வன்று அதிகாலை மூன்று மணி.
அரவேணுவிலிருந்து
ஆல்துரை அண்ணனின் பிக்கப்பில் இறங்கினேன்.
பின்னால் கழுவின கேரட், முப்பது மூட்டை.
முன்னால் நான், ஹால் டிக்கெட்,
விதிப்படி லேபிள் உரித்த தண்ணீர் பாட்டில்.

"எவ்ளோ மார்க் எடுக்கணும்?"
மார்க் இல்லண்ணா, பெர்சென்டைல்.
நூறு பேரை நிற்கவைத்தால்
எத்தனை பேர் நமக்குப் பின்னால் என்று சொல்லும்.
நன்றாக எழுதினோமா என்று சொல்லாது.
காலையில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தாள்,
மதியம் வேறு தாள்.
எது கடினம் என்று பார்த்துச் சமன்செய்வார்கள்.

அவர் கியரை இறக்கினார்.
"மண்டிதான் இது.
அதே கேரட்டு.
நாப்பது லோடு வந்தா ஒரு ரேட்டு, நாலு வந்தா ஒரு ரேட்டு."
கொஞ்ச தூரம் போனபின்,
"ஆனா அழுகினத ஓரமாத் தள்ளுவாங்களே தவிர
நல்லதுல இருந்து கழிக்க மாட்டாங்க" என்றார்.

குஞ்சப்பனை தாண்டியதும் காது அடைத்தது.
எச்சில் விழுங்கினேன், கொட்டாவி விட்டேன்.
வலது காது திறந்தது. இடது திறக்கவில்லை.
ஒவ்வொரு வளைவிலும் காற்று கனத்து
தோளில் ஏறி உட்கார்ந்தது.
கீழே பிறந்தவர்கள்
இதைச் சுமப்பதாகவே நினைப்பதில்லை.

கோவையில் எட்டு மணிக்கே வெயில்.
கல்லூரி வாசலில் ஸ்வெட்டருக்கு அனுமதியில்லை.
யாருடைய அம்மாவோ, "குடு கண்ணு, நான் வச்சிருக்கேன்" என்றார்.
பெயர் கேட்கவில்லை.
மூன்று மணி நேரம் அவர் மடியில்
எங்கள் அடுப்புப் புகையின் வாசம் இருந்தது.

திரையின் மூலையில் நேரம் பின்னோக்கி ஓடியது.
சரிக்கு நாலு. தவறுக்கு ஒன்று போகும்.
தொடாமல் விட்டால் பூஜ்யம்.
தெரியாது என்று ஒப்புக்கொள்வதற்கு மட்டும்
இங்கே தண்டனை கிடையாது.

முப்பத்தேழாவது கேள்வி
'நியம அழுத்தத்தில் கொதிக்கும் நீர்' என்று தொடங்கியது.
நாலு வரிக் கணக்கு.
நியமம் என்றால் கடல் மட்டம்.
நான் கடலைப் பார்த்ததில்லை.
இடது காது இன்னும் அடைத்தபடி.
நின்றுபோன பாதரசத்தை நினைத்து
நாற்பது விநாடி போயிற்று,
பிறகு நூறை வைத்தே போட்டேன்,
விடையை அழுத்தினேன்.
நாலு மார்க்.

எண்பத்தொன்று புள்ளி மூன்று ஏழு.

ஆல்துரை அண்ணன் கணக்குப் போட்டார்.
"முன்னாடி பத்தொம்பது பேருதானே?
பஸ்ஸுன்னாக்கூட எடம் கெடச்சிரும்."
நூற்றுக்குப் பத்தொன்பதுண்ணா.
எழுதினது பத்து லட்சம் பேர்.
அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.
மண்டிக் கணக்கில் அவர் தப்பியதே இல்லை.
வண்டியில் ஒரு சாக்கு கேரட் மீந்திருந்தது.
பாதியை எங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போனார்.

அம்மா சோற்றுக்கு ஐந்து விசில் விடுவாள்.
மேட்டுப்பாளையத்துச் சித்தி வீட்டில்
அதே குக்கர், அதே ரேஷன் அரிசி, நாலு.
கூடுதல் விசிலுக்கு
யாரும் எதையும் கழிப்பதில்லை.
சோறு வெந்துவிடுகிறது.

சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டு
பீரோ மேலிருந்த ரெக்கார்டு நோட்டை எடுத்தேன்.
நூறை ஒரு கோட்டால் அடித்தேன்.
பக்கத்தில் பென்சிலால் தொண்ணூற்று நாலு.

அதன்மேல் சிவப்பில்
அந்தச் 'சரி' அப்படியே இருக்கிறது.