இருபத்தொரு பவுன்

மஞ்சக்குப்பம் கிளையில் நகை பார்ப்பது என் வேலை.
சோனாங்குப்பத்து அஞ்சலாட்சி
தட்டில் சரித்தாள் காசுமாலையை.
இருபத்தொரு காசு,
எல்லாவற்றிலும் ஒரே ராணி.

லென்சை இடுக்கிக்கொண்டு பார்க்கிறேன்.
கொண்டையில் ரிப்பன், வெறுங்கழுத்து,
பதினோரு காசுவரை வயதே ஏறவில்லை.
தாது வருஷப் பஞ்சத்தில் ஜனம் கஞ்சித்தொட்டிக்கு நடந்தபோது
டெல்லியில் இவளைச் சக்கரவர்த்தினி என்று கூவினார்கள்.
அன்றைக்கு ஐம்பத்தேழு வயது அவளுக்கு.
காசில் இருபதைத் தாண்டவில்லை.

பதின்மூன்றில் திடீரென்று தாடை தடித்து
தலைக்குப் பொருந்தாத குட்டிக் கிரீடம்.
கடைசி ஏழில் முக்காடு.
புருஷன் போய் நாற்பது வருஷம்
கறுப்பைக் கழற்றவில்லையாம்.

தாலியறுத்தவள் முகத்தை மாட்டிக்கொண்டா
தலைமுறை தலைமுறையாய் மணையில் உட்கார்ந்தீர்கள்?
கேட்க வாயெடுத்தேன்.
அஞ்சலாட்சியின் நெற்றியைப் பார்த்தேன்.
கேட்கவில்லை.

பன்னிரண்டாவது காசு உள்ளூர் ஆசாரி வார்த்தது.
எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த தடம்.
மூக்கில் ஒரு புள்ளி, மூக்குத்தியேதான்.
உரைகல்லில் இழுத்தால்
மாற்று அசலைவிட ஒரு பிசிறு கூட.

"எத்தினி பவுனு?"
"இருபத்தொண்ணு."
அந்தச் சொல்லும் அவள் சீமைச் சொல்தான்.
கப்பலேறிப் போனவர்கள்
எடைக்கல்லை எடுத்துப்போகவில்லை.

"பாதி போதும் சார், போட்டு இன்ஜினுக்குத்தான்.
சரட்டை வெட்டிடுங்க."
"எந்தப் பக்கம்?"
"சின்னப்பொண்ண நீங்க வச்சுக்குங்க.
முக்காட்டுக்காரி என்னோட வரட்டும்."
"நடுவுல மூக்குத்தி போட்டவ?"

கையை நீட்டினாள்.
"அவ எங்க ஊருக்காரி. குடுங்க."