எட்டேகால் அங்குலம்

ஜெரோம் என் செருப்பைக் கழற்றச் சொன்னான்.
குருநகரில் அவன் வீட்டு முன்னறைதான் கடை.
தையற்காரரின் நாடாவால்
குதியிலிருந்து பெருவிரல்வரை அளந்து
"அக்காவுக்கு எட்டேகால் அங்குலம்" என்றான்.

சுவரில் ஏழு பலகைகள் சாய்ந்து நின்றன.
ஒன்றின் வயிற்றில் மண்டையோடு.
ஒன்றில் நாக்கை நீட்டும் பூனை.
ஒன்றில் ஒன்றுமில்லை, மரத்தின் வரி மட்டும்;
முனையில் யாரோ ஏற்கெனவே விழுந்து தேய்த்த வடு.
எனக்கு வயது நாற்பத்தொன்று.
மண்டையோட்டை வாங்கும் துணிச்சல் இருந்தது,
அதைக் கோயில் வீதியால் காவிக்கொண்டு போகும் துணிச்சல்
இல்லை.

"ஆருக்கு, மகனுக்கோ?"
"எனக்கு."
அவன் சிரிக்கவில்லை. அதற்காகவே
விலை குறைத்துக் கேட்காமல் விட்டேன்.

சில்லிலதான் அக்கா முழு விசயமும், என்றான்.
கடுஞ்சில்லு பளிங்குத் தரைக்கு,
எங்கட றோட்டில அது பல்லைக் கழற்றும்.
மெத்துச்சில்லு கல்லை மன்னிக்கும்.
நகத்தால் அழுத்திப் பார்த்தேன், வேலைப் பழக்கம்.
ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பதினாறு வருசமாய்
முழங்கை மடிப்பில் நரம்பு தேடுகிறவள் நான்.
நல்ல நரம்பு விரலை மெல்லத் திருப்பித் தள்ளும்.
மெத்துச்சில்லும் தள்ளியது.

எந்தக் கால் முன்னுக்கு?
அதற்கொரு சோதனை இருக்கிறதாம்:
சொல்லாமல் பின்னாலிருந்து ஒருவர் தள்ளவேண்டும்.
தேநீர் நேரத்தில் சுபாங்கனாவிடம் கேட்டேன்.
மூன்று நாள் தள்ளவில்லை.
நான்காம் நாள், சிறுநீர்ப் போத்தல் தட்டை
இரண்டு கையாலும் பிடித்து நிற்கையில்
தள்ளினாள்.
வெறும் போத்தல்கள், நல்லகாலம்.
வலது கால் முன்னுக்குப் போய் என்னைத் தாங்கியது.
நாற்பத்தொரு வருசம் பேசாமல் கூடவந்த கால்,
அன்றைக்குத்தான் தன் குணம் சொன்னது.

கைதடியில், கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தின் பின்னால்
நெல் காயப்போடும் சீமெந்துத் தளம்.
மாசி ஞாயிறு, விடிய ஆறு மணி.
தலையில் ஸ்கூட்டி ஹெல்மெட்,
முழங்காலில் பழைய துவாயும் பிளாஸ்டரும்.
காவலுக்கு யோகச்சந்திரன், என்னோடு ஏ.எல். படித்தவன்,
இரசாயனவியலில் என்னைவிட மூன்று புள்ளி கூட,
அதை இன்னும் மறக்காதவன்.

விழுந்தேன்.
பின்னுக்கு விழுந்தேன். பக்கவாட்டில் விழுந்தேன்.
ஏறமுன்னமே ஒருதரம் விழுந்தேன்.
பலகை என்னை விட்டுத் தனியே உருண்டு
நெற்குவியலில் மூக்கைக் குத்தி நின்றது.
"இறுக்காதேங்கோ, மூச்சை விடுங்கோ,
ஒரு சின்ன எறும்புக்கடிதான்" என்று
நாளைக்கு அறுபது பேருக்குச் சொல்கிறவள்,
இறுகிய முழங்காலும் பிடித்த மூச்சுமாய்
அடுத்த எறும்புக்கு ஏறினேன்.

எட்டரைக்கு நாவற்குழிப் பக்கம் கறுத்தது.
"நெல்லை அள்ளோணும், ஓடி வாரும்."
அரைமூட்டையாய்க் கட்டிக் கட்டிப்
பலகையில் ஏற்றித் தள்ளினோம்.

மூட்டை விழவில்லை.
தளத்தின் சரிவால் ஒரு ஆட்டமும் இல்லாமல்
கூரைக்குக் கீழே போய்ச் சேர்ந்தது.
இரண்டாவதும். ஏழாவதும்.
நடுவில் குந்தியிருந்தது, அவ்வளவுதான்;
போகிற இடத்தைப் பற்றி
அதற்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை.
"உம்மைவிட நெல்லு கெட்டிக்காரி" என்றான்
மூன்று புள்ளிக்காரன்.

முதல் துளிகள்.
சாக்கு இருந்த இடத்தில் பலகைமேல்
உமித்தூசி வட்டமாய்ப் படிந்திருந்தது.
அதன் விளிம்பில் வலது காலை வைத்தேன்.
இடது காலால் நிலத்தை ஒருதரம் உந்தி
அதையும் மேலே எடுத்தேன்.

ஐந்து முழம் இருக்கும். ஆறும் இருக்கலாம்.
அளக்க ஒருவரும் இல்லை,
அவன் படங்கை இழுத்து மூடிக்கொண்டிருந்தான்.
சில்லுக்கு அடியில் சிந்திக்கிடந்த இரண்டு நெல்
ஒன்றன்பின் ஒன்றாய் நொருங்கியது
எனக்குக் கேட்டது.