நூற்றுக்கு மூன்று

நொதியம் காத்திருக்காது.
வழுக்கி பழசானால் செத்துவிடும், வெயில் பட்டாலும்.
அதனால்தான் ஓடி வந்தேன்,
விடுதியிலிருந்து ஆய்வுகூடம் மட்டும்,
எடுத்த மச்சையின் சூடு ஆறமுன்.

லேபலில்: ம. யூட் கிறிசாந். பத்தொன்பது. பாஷையூர்.

முதல் சாயத்தில் எல்லாம் ஒரே சாயல்.
பெரிய கரு, ஓரத்தில் கொஞ்சம் நீலம்,
மீசை அரும்பாத முகங்கள்.
என்னவாக வளர இருந்தன என்று
ஒரு கலமும் முகத்தில் எழுதி வைக்கவில்லை.
முகம் பார்த்துத் தலையாட்டியவர்களை
இந்த ஊர் ஒருகாலம் கண்டது.
நான் முகத்தை நம்பிக் கையெழுத்திடுவதில்லை.

கேட்பது இவ்வளவுதான்:
நீ என்ன செய்கிறாய்?
மடியில் என்ன வைத்திருக்கிறாய்?

பேரொட்சைட்டை அன்றன்று கலக்க வேண்டும்.
பக்கத்து வழுக்கியில் என் இரத்தம்.
சாயம் பொய் சொல்கிறதா என்று பார்க்க
ஒரு சுகதேகி தேவை;
இன்று காலை இங்கே நான் மட்டும்தான்.
இடது மோதிர விரல். பழகிய ஊசி.

ஐந்து நிமிடம்.
பஸ் நிலையத்தில் காரைநகர் பஸ்
ஹோர்ன் அடித்தே புறப்படாமல் நிற்கிறது.

என்னுடையது பிடித்துவிட்டது:
தேயிலைத்தூள் சிந்தினாற் போலக்
கபிலத் துணிக்கைகள்,
கிருமியைக் கொல்லும் சாமான்.
அவனுடையதில்
முதல் நூறில் இரண்டு.

மூன்றென்றால் ஒரு நோய்.
இரண்டென்றால் அநேகமாக இன்னொன்று,
வேறு மருந்து,
தெல்லிப்பழையில் வேறு மாதிரியான மாதங்கள்.
எண்ணெய்த் துளியில் லென்சை இறக்கி
மூச்சை மூக்கோடு வைத்துக்கொண்டு
அடுத்த நூறு. நான்கு.
அதற்கடுத்தது ஏழு.
ஐந்நூறில் இருபத்தொன்று என்று நிறுத்தினேன்.

ஆக, கருவியைச் செய்யத் தெரிந்திருக்கிறது.
காவலுக்குத்தான் போகவில்லை.
தன்னைப்போல் இன்னொன்று,
இன்னொன்று, அவ்வளவே வேலை.

‘நேர்’ என்று எழுதினேன்.
பேனை அந்தச் சொல்லுக்கு மட்டும் சரியாக எழுதியது.

வாசலில் தகப்பன்.
மணிக்கூட்டு வாரில் ஒட்டிய ஒற்றைச் செதில்.
“பேர் தெரிஞ்சுதோ தங்கச்சி?”
“டொக்டர் சொல்லுவார், ஐயா.”
அவர் என் விரலைப் பார்த்தார்,
பஞ்சில் ஊறிய சிவப்புப் பொட்டை.
“உங்களிட்டையும் எடுத்தவையோ?”

ஓம் என்றேன்.
எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல
வாய் வரவில்லை.