திரும்பிப் போய்ப் பார்ப்பது

விடிகாலை நாலேமுக்காலுக்கு
ஹார்லிங்கன் அடுமனையில் ரொட்டி ஏற்றிக்கொண்டு
கடலணைச் சாலையில் வேனை விடுவேன்.
பதினொரு ஊர், நாற்பத்தாறு கிலோமீட்டர்.
ஒரு நாள் மானி இருநூற்றுப் பத்து காட்டியது.

சக்கரத்தில் ஏதோ தட்டும்.
கல்லாக இருக்கும். கல்தான்.
கல்தான் என்று யார் சொன்னது?
வண்டியைத் திருப்புவேன்.
கைவிளக்கோடு குனிந்து
தார்ச்சாலையில் ரத்தம் தேடுவேன்.
இல்லை.
இல்லை என்று பார்த்தேனே, சரியாகப் பார்த்தேனா?
மறுபடி திருப்புவேன்.
அணைச்சரிவில் படுத்திருக்கும் ஆடுகள்
என் விளக்குக்குப் பழகிப்போய்
தலை தூக்குவதைக்கூட விட்டுவிட்டன.

கிம்ஸ்வெர்ட் கடைக்காரி ஹில்யே
ஆறிப்போன ரொட்டியை அழுத்திப் பார்த்தபடி கேட்டாள்:
வழியில் யாரைத் தேடுகிறாய், வீபே?
நான் கொன்றவர்களை, என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அவள்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

மருத்துவர் துய்ன்ஸ்ட்ரா படத்தைத் திரையில் போட்டார்.
என் மூளை. குறுக்கே வெட்டிய முட்டைகோசு.
நெற்றிக்குப் பின்னால் இந்த இடம்
'தப்பு, தப்பு' என்று குரல் கொடுக்கும், என்றார்,
எல்லோருக்கும்தான்.
உள்ளே வால்போல் வளைந்த இந்த முடிச்சு
கேட்டாயிற்று, போ என்று கதவைச் சாத்த வேண்டும்.
உங்களுக்குச் சாத்துவதில்லை.
குரல் சுற்றிவந்து
கிளம்பிய இடத்திலேயே மறுபடி கிளம்புகிறது.

இத்தனை வருடம்
அதை மனசாட்சி என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஸ்யூர்டையும் படம் எடுத்தார்கள்.
என்னோடு ஒரே வயிற்றில் கிடந்தவன்,
எனக்குப் பதினேழு நிமிடம் மூத்தவன்,
வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறவன்.
மரபணு கொஞ்சம் சொல்லும், என்றார் மருத்துவர்,
மீதி எங்களுக்குத் தெரியாது.
தெரியாது என்பதை
அவ்வளவு நிம்மதியாக ஒருவர் சொல்லி
அன்றுதான் கேட்டேன்.

செரடோனினுக்கு ஒரு மாத்திரை, பன்னிரண்டு வாரம்.
பிறகு இன்னொன்று.
பிறகு பழைய மருந்து ஒன்று:
பிப்ரவரியில் வியர்த்தது,
நாக்கு முந்தாநாள் ரொட்டியாயிற்று.
பக்கத்து இருக்கையில் உளவியல்காரப் பெண் உட்கார்ந்து
'திரும்பாதே, பயம் தானாக வடியும், காத்திரு' என்றாள்.
காத்திருந்தேன்.
அவள் இறங்கிய முனையிலேயே திருப்பினேன்.

ஒன்பது வருடம் இப்படி.

கடைசியில் மண்டையில் இரண்டு துளை,
சேமியா மெல்லிசில் இரண்டு கம்பி,
காறையெலும்புக்குக் கீழே தீப்பெட்டிபோல் ஒரு மின்கலம்.
துய்ன்ஸ்ட்ரா கருவியைத் திருகினார்.
இரண்டு வோல்ட். ஒன்றுமில்லை.
மூன்று. வாயில் இரும்பு ருசி.
மூன்றரை.
ஜன்னலுக்கு வெளியே ஒரு கிழவர்
சைக்கிள் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.
நான் சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு கேட்டேன்: இது யாருடைய சிரிப்பு?
அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.
பதில் சொல்லவில்லை.

மார்ச்சில், பிங்யும் தாண்டியதும்
சக்கரத்தில் தட்டியது.
கைகள் திருப்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
கைகள் நேரே போயின.
கடைகளில் ரொட்டி சூடாக இறங்கியது.
ஹில்யே கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் அதே இடத்தில் சாலையோரம்
ஒரு முயல்.
காகங்கள் அப்போதுதான் வந்திருந்தன.

நான்தான்.
இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக
நிஜமாகவே நான்தான்.

வண்டியை நிறுத்தி
ரொட்டி சுற்றும் தாளில் எடுத்துப்
புல்மேல் வைத்தேன்.
காது இன்னும் மெத்தென்றிருந்தது.
வருத்தம் வந்தது,
ஒரு முயலின் அளவுக்கு.
அதற்கு மேல் வளரவில்லை.
வண்டியில் ஏறி அடுத்த ஊருக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவுகளில்
சட்டைப் பொத்தானைக் கழற்றி
மின்கலத்துக்கு உணவூட்டுகிறேன்.
பச்சை விளக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பேன்.
ஒரு தடவை.
சரி, இரண்டு.