மூன்றாவது பந்து

மருத்துவமனை என்னைத் திருப்பிக் கொடுத்தபோது
கூடவே கொடுத்தது
ஒரு பை மாத்திரை, ஒரு எக்ஸ்ரே,
மூன்று நீலப் பந்துகள் அடைத்த பிளாஸ்டிக் பெட்டி.
உறிஞ்சு, என்றாள் நர்ஸ். ஊதாதே.
உறிஞ்சினால் முதல் பந்து எழும்,
இரண்டாவது நடுங்கும்,
மூன்றாவது
காது கேளாததுபோல் கிடக்கும்.

வால்பரைசோவில் எங்கள் வீடு
நூற்றுப் பதினேழு படிகளுக்கு மேலே.
பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தேன்.
பச்சை வீட்டு நாய்
முதல்முறையாக என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

எக்ஸ்ரேயைச் சமையலறை ஜன்னலில் ஒட்டினான் உபால்டோ.
வலது நுரையீரலின் அடியில் வெள்ளைத் திட்டு.
அதற்குப் பின்னால் துறைமுகம், ஆகஸ்ட் மூடுபனி.
எது படத்தில், எது கடலில் என்று
சில காலைகளில் தெரிவதில்லை.
என் விலா எலும்புகளுக்கிடையே
கிரேன் ஒன்று கண்டெய்னர் தூக்குகிறது.

எட்டு மணிநேரத்துக்கு ஒரு மாத்திரை.
நாக்கில் பழைய சாவியின் ருசி.
இரவு இரண்டு மணி அலாரத்துக்கு முன்பே
உபால்டோ விழித்திருப்பான்.
என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்ததைச் சொல்லமாட்டான்.
"மழையா என்று பார்த்தேன்" என்பான்.
இருபத்தாறு வருஷத்தில்
அவன் சொன்ன பொய்களில் இதுதான் நயம்.

நான் மீன் சந்தையில் கூவி விற்பவள்.
மெர்லுசா என்று நான் கத்தினால்
படகில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான்.
இப்போது தண்ணீர் கேட்கவே
இரண்டு தவணை வேண்டியிருக்கிறது:
தண்.
ணீர்.

செவ்வாய்க்கிழமை கேஸ்காரன் நிபால்டோ வந்தான்.
கீழ்த்தெருவில் சிலிண்டர்மேல் இரும்பால் தட்டுவான்,
டிங் டிங், டிடிங்.
மேலிருந்து நான் கத்துவேன்: ஒன்று!
வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.
லாரி உறுமிக் கிளம்பும் சத்தம்.
கையில் கிடைத்தது சூப் கரண்டி.
ஜன்னல் கம்பியில் அடித்தேன்,
டிங் டிங், டிடிங்.

கீழே லாரி அடங்கியது.
பிறகு அவன் பதில் தட்டினான். நானும்.
மூன்று வீடு தள்ளி யாரோ
சட்டியைத் தட்டினார்கள்,
எதற்கென்று தெரியாமலே.

சிலிண்டரோடு வாசலில் வந்து நின்றவனுக்கும்
மூச்சு வாங்கியது.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை,
ஒரே மேட்டில் ஏறிய இரண்டு கழுதைகள்.
"இது என்ன விளையாட்டு?" என்றான் பெட்டியைக் காட்டி.
உறிஞ்சிக் காட்டினேன்.
முதல் பந்து எழுந்தது. இரண்டாவது, ஆமாம், நின்றது.
மூன்றாவதைக் குனிந்து பார்த்தான்.
"இதில் எடை கூடப் போட்டிருக்கிறார்கள்,
உன் தராசு மாதிரி."

ஆஸ்பத்திரிக்குப் போனபின் சிரித்த முதல் சிரிப்பு.
வலித்தது,
வலது பக்கம், அடியில்,
மூடுபனி இன்னும் கலையாத இடத்தில்.