லோரோங் பெலிம்பிங் வாய்க்கால்

“தாங்கள் குறிப்பிடும் இடம்
எங்கள் எல்லைக்கு உட்பட்டதன்று.”
பதினோரு வருஷம் இந்த ஒரு வரியைத்
தட்டச்சு செய்தேன், ஆங்கிலத்தில்.
தமிழில் என்றால்
கைவிரிப்பது என்று
ஒரு சொல்லில் முடிந்திருக்கும்.

தெருவுக்கு இந்தப் பக்கம் நகரசபை,
அந்தப் பக்கம் கிராமப்புற வாரியம்.
நடுவில் ஓடும் வாய்க்கால்
யார் வரைபடத்திலும் மை படாமல் தப்பியது.
எங்கள் விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் மட்டும்
சட்டம் தெரியாமல்
எதிர்க்கரைக் கோழிக்கூண்டு வரை போய்வந்தது.
எங்கள் ஆள் குப்பையை அக்கரைக்குத் தள்ளுவார்,
இருட்டியதும் அவர்கள் ஆள் இக்கரைக்கு.
மழை வந்து இரண்டையும் வாரிக்கொண்டு
கோ சியூ எங் அம்மாளின் அடுப்படிக்குள் நுழையும்.

முதல் மனுவை அவளுக்கு எழுதித் தந்தவர்
தபாலாபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு அமர்பவர்.
ஒன்பதாவது, பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாள்,
மகன் எழுதியது, இரண்டு எழுத்துப் பிழை.
பதினேழாவதில்
அவன் கையெழுத்து என்னுடையதைவிட அழகு.
எல்லாவற்றுக்கும் நான் அதே பதில் போட்டேன்,
நகலை வாரியத்துக்கு அனுப்பினேன்.
வாரியம் எனக்குத் திருப்பி அனுப்பியது:
“உரிய நடவடிக்கைக்கு.”

பிறகு ஒருநாள்
சபை இல்லை, வாரியம் இல்லை,
இனி எல்லாம் ஒரே அரசு என்றார்கள்.
பித்தளைப் பெயர்ப்பலகையைக் கழற்ற வந்தவன்
நான்கு திருகாணிகளையும் என் முன் எண்ணி
கையொப்பம் வாங்கிக்கொண்டு போனான்.
மூன்றாம் மாடியில்
என் மேசையோடு இன்னொரு மேசையைச் சேர்த்துப் போட்டார்கள்.
அரை அங்குலம் உயரம் ஒத்துப்போகவில்லை.
தாளைத் தள்ளினால் விளிம்பில் முட்டி நிற்கும்.

“வைரக்கண்ணு எண்டது நீரே?”
யாழ்ப்பாணத்துக் குரல்.
“உம்மட கையெழுத்து எனக்கு நல்ல பழக்கம்.”
குலசிங்கம்.
பதினோரு வருஷம்
தன்னை என் பணிவுள்ள ஊழியன் என்று
ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லிக்கொண்டவர்.
நானும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.
காதில் முடி வளர்ந்த ஒல்லி மனிதர்.
நான் குண்டான ஆளாக நினைத்திருந்தேன், ஏனோ.

என் அசல்கள் அவரிடம், அவர் அசல்கள் என்னிடம்.
இரண்டு கோப்புகளையும் ஒன்றாக்கிக் கட்டினோம்.
சிவப்பு நாடா எட்டவில்லை.
புட்டுப் பொட்டலத்தின் சணலை அவிழ்த்துத் தந்தார்.

பதினெட்டாவது மனு
திங்கட்கிழமைத் தபாலில் வந்தது.
நான் தாளைச் செருகினேன்.
விரல்கள் பாட்டுக்கு ஓடின:
தாங்கள் குறிப்பிடும் இடம் எங்கள்

நின்றது.
குலசிங்கம் எட்டிப் பார்த்தார்.
“அடியும், அடியும். எந்த எல்லை எண்டு பாப்பம்.”

மறுநாள் பஸ் ஏறிப் போனோம்.
நான் அந்த இடத்தைப் பார்த்ததில்லை.
அவரும் பார்த்ததில்லை.
அடுப்படிச் சுவரில் சுண்ணக்கட்டிக் கோடுகள்,
ஒவ்வொரு மழைக்கும் ஒன்று, சீன எழுத்தில் தேதி.
மேலிருந்த கோட்டுக்கு
என் சட்டைப்பையின் உயரம்.
அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.
“சத்து ஓபிஸ்கா?”
ஒரே ஆபீஸா என்று.
“ஓம்,” என்றார் குலசிங்கம்,
மலாயை மறந்து.

வாய்க்கால் கரையில் நின்றோம்.
ஆழம் அளக்க நாடா இருக்கிறதா என்று கேட்டார்.
இல்லை என்றேன்,
அளவெடுப்பது இனி வேறு பிரிவு,
நான்காம் மாடி.
சொன்னபோதே
வாயில் பழைய ருசி.

அவர் பேசவில்லை.
காலுறையைக் கழற்றிச் சப்பாத்துக்குள் செருகினார்,
வேட்டி கட்டியவர் மாதிரி
கால்சட்டையைத் தொடைக்கு ஏற்றினார்,
இறங்கினார்,
குடையைத் தலைகீழாகப் பிடித்து ஊன்றினார்.
பாதிக்குமேல் சேறு.

“எழுதும்,” என்றார்.