படிவத்தில் இல்லாத கட்டம்

என் படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
சேதம். சேதமில்லை.

வட கரோலினா மலையடியில்
ஓடை பொங்கிய இரவு
வெர்லீன் ஸ்டேமியின் மரவீடு
அஸ்திவாரத்தை விட்டுக் கிளம்பி
அறுபதடி மிதந்து
ஒரு கருவாலி மரத்தில் முதுகு சாய்த்து நின்றுவிட்டது.
கண்ணாடி அலமாரியில் பதினோரு கோப்பைகள்,
ஒன்றுகூட உடையவில்லை.
பன்னிரண்டாவது போன கிறிஸ்துமஸுக்கே போய்விட்டது என்று
அவளே சொன்னாள்.

வாசல் இப்போது சாலையைப் பார்க்கவில்லை,
ஓடையையும் பார்க்கவில்லை.
அடுத்த வீட்டு ஹோயலின் கோழிக்கூண்டை
ஓரக்கண்ணால் பார்க்கிறது.

"என்னவென்று எழுதட்டும்?"
"கேட்டிவாம்பஸ்" என்றாள்,
சேற்று பூட்ஸைக் கழற்றியபடி,
சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்கிற குரலில்.

இரவு, மோட்டல் அறையில், அகராதி.
சொல்லுக்குள் பூனை இல்லையாம்.
பிரெஞ்சுக்காரர்களின் நான்கு
கடல் தாண்டி
சூதாடிகளின் பகடையில் நான்கு புள்ளியாகி
மூலைக்கு மூலை என்று நீண்டு
யாரோ காதில் தவறி விழுந்து பூனையாயிற்று.
பின்பாதிக்குக் கைவிரித்திருந்தார்கள்.
நெளிவதற்கான ஸ்காட்லாந்துச் சொல்லாக இருக்கலாம்,
இல்லாமலும் இருக்கலாம்.

கோணலுக்கு அர்த்தம் உண்டு.
அதன் விரலைப் பிடித்துக்கொண்டு ஓடிவரும் மாணலுக்கு
எந்த ஊரில் யார் அர்த்தம் சொன்னார்கள்?

ஹோயலைக் கேட்டேன்.
"கோபித்துக்கொண்டு போன நாள்
என் மனைவி வண்டியை நிறுத்திய தினுசு."
பாலம் பார்க்க வந்த பொறியாளர்: "ஓர் அங்குலப் பிசகு."
பெட்ரோல் பங்கில் சில்லறை எண்ணிய பெண்
கொஞ்சம் யோசித்து,
"என் தம்பி" என்றாள். "ஆனால் நல்லவன்."

மறுநாள் ஜாக்கிகளும் இழுவை வண்டியுமாகப் போனோம்,
வீட்டை நேராக்க.
வெர்லீன் படிக்கட்டு அடித்துக்கொண்டிருந்தாள்,
வாசல் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கே.
வாய் நிறைய ஆணிகள்.
இத்தனை வருடம் இருட்டாகக் கிடந்த சமையலறையில்
காலை வெயில்
பதினோரு கோப்பைகளிலும் ஏறியிருந்தது.
"வாடகை கொடுத்து வண்டி கொண்டுவந்திருக்கிறோம்" என்றேன்.
ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டு சொன்னாள்:
"வேண்டுமானால் சாலையைத் திருப்பு."

இரண்டு கட்டங்களுக்கும் நடுவே ஓடும் கோட்டின் மேல்
அந்தச் சொல்லை எழுதினேன்.
இடம் போதாமல் சரிந்துபோய்
கடைசி எழுத்து
என் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் இறங்கியது.